ஸ்டிக்கர் மேல் பொட்டு

1

இந்த ஆயுத பூஜையோடு நான் பெங்களூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் முடிந்தது. குடியாத்தத்திலிருந்து ரயிலில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரம். இந்தத் தூரத்துக்குப் புலம்பெயர்ந்தவள் என்று சொல்லிக்கொண்டால் வாசல் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருக்கும் கனடாக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கன்னட பஸ் பலகையை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். போனில் அண்ணனிடம் "ஒந்து நிமிஷம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். வீட்டில் ஒருத்தி நான் தமிழில் கேட்டால் கன்னடம் கலந்து பதில் சொல்கிறாள். நான் கடலைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் விற்பது விண்டோஸ். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதல் ஆளாக எழுந்து வந்து மற்ற எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறதே, அந்த மென்பொருள். அண்ணி இன்னும் கல்யாண வீடுகளில் "பெங்களூர்ல கம்ப்யூட்டர் விக்கறா" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறாள். திருத்தப் போனால் பந்தி முடிந்துவிடும் என்று விட்டுவிடுவேன்.

காசு கொடுத்து வாங்கியதற்கு அடையாளமாக அதற்கு ஓர் எண் உண்டு. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் இருபத்தைந்து. அந்தக் காலத்தில் அதை ஓரத்தில் வெள்ளிக்கோடு ஓடும் ஸ்டிக்கரில் அச்சடித்து, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுப்பார்கள். ஸ்டிக்கர் இருந்தால் ஒரிஜினல், இல்லாவிட்டால் திருட்டு. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குப் போன் போட்டு நான் கேட்கும் முதல் கேள்வி, "சார், உங்க மெஷின்ல ஸ்டிக்கர் இருக்கா, பாத்தீங்களா?" என்பதுதான்.

2

முன்பெல்லாம் அந்தக் கேள்விக்கு மறுமுனையில் ஒரு தடுமாற்றம் வரும். "இருக்குன்னு நினைக்கிறேன் மேடம்" என்பார்கள். அந்தத் தடுமாற்றத்தில்தான் என் வியாபாரமே. இப்போது யாரும் தடுமாறுவதில்லை. டியூஷன் சென்டர் நடத்துகிறவர் பிள்ளைகள் எல்லாம் போனிலேயே படிக்கிறார்கள் என்கிறார். ஆடிட்டர் ஆபீஸில் "இருக்கறதே ஓடுது மேடம், அத ஏன் நோண்டணும்" என்கிறார்கள். புது லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு அது உள்ளேயே வந்துவிடுகிறது. என்ஜினீயரிங் படித்த ஒரு தம்பி இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றைப் போட்டுக்கொண்டு, அதன் பெருமையை எனக்கே அரைமணி நேரம் விளக்கினான். கடைசியில் நன்றி சொல்லிப் போனை வைத்தேன். உலகம் முழுக்கவே விற்பனை இறங்குகிறது என்று சின்ன சார் சொல்வார். உலகம் இறங்கினால் எனக்கென்ன, என் மேஜையும் சேர்ந்து இறங்குகிறதே என்பதுதான் என் கவலை.

சின்ன சார் என்பது எங்கள் முதலாளி. தாத்தா காலத்திலேயே அரசாங்க வேலைக்கு மைசூர்ப் பக்கம் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். கம்பெனியைத் தொடங்கிய பெரிய சார், இவருடைய அப்பா, காலமாகிவிட்டார். காக்ஸ் டவுன் முனையில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஐந்து கம்ப்யூட்டர், ஏழு பேர்.

பூஜைக்கு ஒரு வாரம் முன்பு சின்ன சார் என் மேஜைக்கு வந்து நின்றார். உட்காரவில்லை. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"மேடம், டிஸ்ட்ரிபியூட்டர்கிட்டேருந்து மெயில் வந்திருக்கு. பூஜை அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முப்பது லைசென்ஸ் ஆகலன்னா நம்ம டீலர்ஷிப் கட்."

"இருபத்திநாலு ஆயிருக்கு சார்."

"அதுவே மூணு மாசத்துல. இன்னும் ஒரு வாரத்துல ஆறு எங்கேருந்து வரும்? நாமளே வாங்கி பீரோல வெச்சாலும் ஒத்துக்க மாட்டாங்க. மெஷின்ல போட்டு ஓடணும். டீலர்ஷிப் போச்சுன்னா உங்க சீட்டுக்கு நான் என்ன வேலை குடுக்கறது, நீங்களே சொல்லுங்க."

நல்ல மனுஷர். அதைச் சொல்லிவிட்டு அவரே காபி வாங்கி வரச் சொன்னார்.

3

வீட்டில் என் கணவர் பாஸ்கரிடம் சொன்னேன். அவருக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர்கள் ராணிப்பேட்டைப் பக்கம் புது யூனிட் திறக்கிறார்கள். போக விருப்பமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். அது பத்து நாளாக ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது.

"உன் சீட்டு போச்சுன்னா என் ஒரு சம்பளத்துல இங்க காலம் தள்ள முடியாது, சுமதி. ஊர்ப்பக்கமே போயிடலாம். கையெழுத்து போட்டுக் குடுத்துடறேன்" என்றார்.

"பூஜை முடியட்டும்" என்றேன்.

இதை ஊரில் இருக்கிற நீங்கள் படிப்பதால் எழுத சங்கடமாக இருக்கிறது. எனக்குத் திரும்பி வர மனமில்லை. வெளியூரில் இருப்பவர்கள் எல்லாரும் ஊரை நினைத்து ஏங்குவார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்கள். நானும் பொங்கலுக்கு வரும்போது அப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்கிறேன். உண்மை என்னவென்றால், காலை ஒன்பது மணிக்கு அந்த பேக்கரி வாசலில் வெண்ணெய் பிஸ்கட் வாசனையைத் தாண்டி மாடிப்படி ஏறி, போனை எடுத்து, பேர் தெரியாத ஒருவரிடம் "குட் மார்னிங் சார்" என்று சொல்லும்போது நான் என் இடத்தில் இருக்கிறேன். குடியாத்தத்தில் நான் இன்னாருடைய தங்கை, இன்னாருடைய மருமகள். இங்கே நான் சுமதி மேடம்.

ஆனால் சர்க்கார் இதை ஒத்துக்கொள்வதில்லை. இந்த ஊரில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. தற்போதையதில் ஜீவனஹள்ளி என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். நிரந்தரத்தில் குடியாத்தம் வீட்டை எழுதுகிறேன். அந்த வீட்டை விற்று ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. என் மகள் மதுவின் கல்லூரிப் படிவத்தில் அதை எழுதியபோது அவள் எட்டிப் பார்த்து, "இது யார் அட்ரஸ்?" என்று கேட்டாள். அவள் பிறந்தது இங்கே. பி.யூ.சி முதல் வருஷம், நம் ஊர்க் கணக்கில் பிளஸ் ஒன். கம்ப்யூட்டர் என்றால் அவளுக்கு அம்மா ஆபீஸில் இருக்கும் ஒரு சாமான். வீட்டுப்பாடம், பாட்டு, சண்டை எல்லாம் போனில்.

4

பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது போன் அடித்தது. நீலசந்திராவில் டி.டி.பி சென்டர் வைத்திருக்கும் அருளப்பன். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட விண்ணப்பம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பவர். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடியதும் இவர் பெங்களூர் வந்து இதைக் கற்றுக்கொண்டார். வருஷக் கணக்காக என் வாடிக்கையாளர்.

"மேடம், ஆறு மெஷினும் படுத்துக்கிச்சு. ஒருத்தர் கல்யாண போட்டோன்னு பென்டிரைவ் குத்தினாரு. அதுல வந்த வைரஸ் ஒண்ணுலேருந்து ஒண்ணு புடிச்சிகினு போயிடுச்சு. மெக்கானிக்கு எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போடணுங்கிறான். ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர் வேணுமாம்."

"ஸ்டிக்கர் இருக்கில்ல? நான்தானே வித்தேன்."

"ஸ்டிக்கர் கீது மேடம். நம்பர்தான் தெரியல."

"ஏன்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்கதானே மேடம் அதும் மேல பொட்டு வெக்கச் சொன்னீங்க."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். நான்தான் சொன்னேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆயுத பூஜை. இந்த ஊரில் அன்றைக்குப் பொட்டில்லாத சாமானைப் பார்க்க முடியாது. பஸ், ஆட்டோ, லேத் மெஷின், ஜெராக்ஸ் மெஷின் எல்லாம் செண்டுமல்லியும் சந்தனமுமாக நிற்கும். எங்கள் ஆபீஸில் யாரோ பக்தி மேலிட்டு சி.டி போடும் வாயில் குங்குமத்தைக் குழைத்து அப்பிவிட்டார்கள். மறுநாள் அது திறக்கவில்லை. பெரிய சார் கத்தினார். புதுசாக வந்த நான், "சார், மேல பளபளன்னு ஒரு ஸ்டிக்கர் இருக்கே, அத நெத்தின்னு வெச்சுக்கலாம். பொட்டு அங்க வெச்சா மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். பெரிய சாருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. வாடிக்கையாளர்களுக்கும் சொல்லச் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வாழ்த்துச் சொல்லப் போன் போடும்போது கூடவே சொல்லிவிடுவேன், "பொட்டு மறக்காம ஸ்டிக்கர் மேல வைங்க."

"நான் சர்ச்சுக்குப் போறவன் மேடம்" என்றார் அருளப்பன். "வேலை செய்யற பொண்ணுங்களுக்காகத்தான் பூஜை. ஆனா நீங்க சொன்னா காரணம் இருக்கும்னு ஒரு வருஷம் கூட தப்பாம ஸ்டிக்கர் மேலயே வெச்சோம். இப்ப ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஒன்பது பத்திரிகை நிக்குது. வேற வழி இல்லன்னா சொல்லுங்க, ஆறும் புதுசா வாங்கிடறேன்."

ஆறு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மனசு முதலில் கூட்டல்தான் போட்டது. இருபத்திநாலும் ஆறும் முப்பது. எதிர்மேஜையில் சின்ன சார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "சரி சார், ஆறு போட்டுடறேன்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் மேஜை என்னுடையது. ஆனால் அந்தப் பழைய மெஷின்களில் புதியது ஏறாது. லைசென்ஸோடு ஆறு மெஷினும் புதிதாக வாங்க வேண்டும். ஒரு கண்ணீர் அஞ்சலிக்கு அவர் எவ்வளவு கூலி வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும். அதோடு நம்பரை அழித்ததே நான். அழித்துவிட்டு அதையே மறுபடி விற்பதற்கு ஒரு பெயர் உண்டு.

"நம்பர் கிடைச்சா பழையதே ஓடும். நாளைக்கு ஞாயித்துக்கெழம நானே வர்றேன். அதுவரைக்கும் யாரும் நகத்தால சுரண்டாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

5

தேங்காய் எண்ணெய், பஞ்சு, காது குடையும் பட்ஸ், பழைய பனியன் துணி. இவற்றோடு மதுவையும் கூட்டிக்கொண்டேன். வர மாட்டேன் என்றாள். திரும்பும்போது ஷவர்மா என்றேன். வந்தாள்.

அருளப்பனின் கடையில் ஆறு பெட்டிகளும் வரிசையாக மேஜை மேல் இருந்தன. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் எல்லாம் ஒரு ரூபாய் கனத்துக்குச் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் இறுகிக் கிடந்தன. பெட்டிகளுக்கு மேல் சுவரில் மாதா படம். அதற்குக் கீழே ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம்.

எண்ணெயில் நனைத்த பஞ்சை மேலே வைத்துப் பத்து நிமிஷம் ஊற விட வேண்டும். பிறகு பட்ஸால் ஓரத்திலிருந்து உள்ளே மெதுவாக உருட்ட வேண்டும். அவசரப்பட்டால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். முதல் பெட்டியில் குங்குமம் கரைந்ததும் வெள்ளிக்கோடு தெரிந்தது. அருளப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் எழுத்து இருந்த இடம் வெறும் சிவப்பு மங்கலாக இருந்தது. கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"ஸ்வல்ப நகரு மா" என்றாள் மது. தன் போனின் டார்ச்சைப் போட்டு அருளப்பன் கையில் கொடுத்துச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். என் போனில் ஒரு படம் எடுத்தாள். அந்தப் படத்தில் சிவப்பை எடுத்துவிட்டு, கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாக மாற்றினாள். இருபத்தைந்தும் எழுந்து நின்றன.

"சக்கத்தா வந்திருக்கு பாரு" என்று காட்டினாள். சக்கத்தா என்றால் பிரமாதமாக. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா, நீ வித்ததெல்லாம் நீயேதான் அழிச்சிருக்க" என்றாள்.

"பூஜை பண்ணேன்டி."

"ரெண்டும் ஒண்ணுதான்."

எந்தப் போன் என் வியாபாரத்தைக் கெடுத்தது என்று தினமும் திட்டுகிறேனோ, அதே போன் ஐந்து பெட்டிகளின் நம்பரைப் படித்துக் கொடுத்தது. நான் ஒவ்வொன்றையும் தாளில் எழுதினேன். மது சரிபார்த்தாள். மெக்கானிக் போட்டுப் பார்த்து எல்லாம் ஒத்துக்கொண்டது என்றார். ஆறாவது பெட்டியில் யாரோ விபூதியைத் தண்ணீரில் குழைத்து வைத்திருந்தார்கள். எழுத்தே இல்லை. "அதுக்கு வயசாயிடுச்சு மேடம், எப்படியும் மாத்தணும்னு இருந்தேன். ஒரு மெஷின் மட்டும் புதுசா எடுத்துக்கறேன்" என்றார் அருளப்பன். எங்களைப் பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டார்.

இருபத்தைந்து ஆயிற்று. பஸ்ஸில் மது ஷவர்மாவைச் சாப்பிட்டபடி, "ஆறும் வித்திருந்தா உன் சீட்டு இருந்திருக்கும்ல?" என்று கேட்டாள். இவள் காதில் எதுவும் விழுவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இருந்திருக்கும்" என்றேன்.

"ராணிப்பேட்டைல கன்னடம் பேசுவாங்களா?"

"மாட்டாங்க."

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. சிக்னலில் ஒரு லாரியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

6

பூஜை அன்று ஆபீஸில் வாழைக்கன்று கட்டியாயிற்று. பூசணிக்காயும் பொரியும் வந்துவிட்டன. போன் போட ஆளில்லை. எல்லாரும் அவரவர் பூஜையில் இருப்பார்கள். இதுதான் கடைசி என்று எனக்குத் தெரியும். கடைசியாக என் மெஷினை நன்றாகத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பையில் இருந்த எண்ணெயையும் பஞ்சையும் எடுத்தேன். அந்தப் பெட்டி பெரிய சார் வாங்கியது. உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மூன்று தடவை மாற்றியாயிற்று, போன வருஷம்கூட ஐந்து பெட்டியிலும் மாற்றினோம். பெட்டி மட்டும் அதே பெட்டி. அதன் ஸ்டிக்கர் மேல் இருபத்திரண்டு வருஷத்துப் பொட்டு, எல்லாம் என் கையால் வைத்தது.

பஞ்சை எடுத்ததும் வெள்ளிக்கோடு வந்தது. பட்ஸை உருட்டினேன். எழுத்து நன்றாகவே தெரிந்தது, மதுவின் உதவி தேவைப்படவில்லை. "தரம் பரிசோதிக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு டிக். காலிப் பெட்டியைச் செய்த கம்பெனியின் ஸ்டிக்கர்.

அடுத்த பெட்டிக்குப் போனேன். அதே டிக். ஐந்து பெட்டியிலும் அதே டிக். பெரிய சார் யாரோ அசெம்பிள் செய்பவரிடம் மொத்தமாக வாங்கியிருக்கிறார். அவர் உள்ளே ஏதோ ஒரு திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பெட்டி மேல் பளபளவென்று ஒன்று இருந்ததால் யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் உள்ளே மாற்றும்போதெல்லாம் "நமக்குத்தான் லைசென்ஸ் இருக்கே" என்று அதையே மறுபடி போட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்க "ஸ்டிக்கர் இருக்கா, பாத்தீங்களா" என்று கேட்ட நான் ஒரு தடவையும் பார்க்கவில்லை. முதல் வருஷமே அதன் மேல் பொட்டு வைத்து மூடிவிட்டேன்.

"சார், இங்க கொஞ்சம் வாங்க" என்றேன்.

சின்ன சார் ஐந்தையும் குனிந்து பார்த்தார். வேஷ்டி தடுக்க, நெற்றி விபூதியோடு நிமிர்ந்தார். "அப்பா காலத்துலேருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அஞ்சும் சார். இந்த மெஷினெல்லாம் புதுசு தாங்கும். போட்டா ஓடும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. பிறகு என்னைப் பார்த்தார். இருபத்தைந்தும் ஐந்தும் எவ்வளவு என்று அவருக்கும் கூட்டத் தெரியும்.

"மேடம், நம்ம கம்பெனிக்கே வாங்கறோம். எதாவது டிஸ்கவுண்ட்..."

இருபத்திரண்டு வருஷமாக எல்லாரிடமும் சொன்ன பதிலை அவரிடமும் சொன்னேன். "ஒரிஜினலுக்கு ஒரே விலைதான் சார்."

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாலே முக்காலுக்கு ஐந்தாவது மெஷின் ஓடியது. டிஸ்ட்ரிபியூட்டரின் இணையப் பக்கத்தில் எங்கள் கணக்கு முப்பது என்று காட்டியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் கங்கம்மா குங்குமத் தட்டோடு வந்து என் பெட்டி முன்னால் நின்றார். அங்கே ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடம் வெறுமையாக இருந்தது. இப்போதெல்லாம் லைசென்ஸ் ஸ்டிக்கராக வருவதில்லை, மெயிலில்தான் வருகிறது.

"மேடம், பொட்டு எல்லி இடோது?" எங்கே வைப்பது என்று கேட்டார்.

"எங்க வேணா வைங்க கங்கம்மா. எதும் மேலயாவது எழுத்து இருந்தா மட்டும் படிச்சுட்டு வைங்க" என்றேன்.

7

வீட்டுக்குப் பொரியும் வாழைப்பழமும் கொண்டுபோய் எல்லாவற்றையும் பாஸ்கரிடம் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு எழுந்து ஃபிரிட்ஜ் மேல் இருந்த படிவத்தை எடுத்து, தூசியைத் தட்டி, மேஜை மேல் வைத்தார். பேர், வயது, பிரிவு எல்லாம் அவர் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. "ராணிப்பேட்டை செல்ல விருப்பம்", "விருப்பமில்லை" என்ற இரண்டு கட்டமும் காலி. நிரந்தர முகவரியும் காலி.

"அந்தப் பல் ஆஸ்பத்திரிய எழுத எனக்கும் கை வரல" என்றார். "டீலர்ஷிப் எதுவரைக்கும்?"

"மார்ச் வரைக்கும். அதுக்குள்ள இன்னொரு முப்பது கேப்பாங்க. ஒண்ணும் விக்காதுங்க, எல்லாரும் போனுக்குப் போயிட்டாங்க."

மது போனிலிருந்து தலையைத் தூக்காமல் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

நான் விருப்பமில்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். நிரந்தர முகவரியில் ஜீவனஹள்ளி என்று எழுதினேன். வீட்டு எண், குறுக்குத் தெரு, பின்கோடு, ஒன்றையும் விடவில்லை.

"இது வாடகை வீடு, ஞாபகம் இருக்கில்ல?" என்றார் பாஸ்கர்.

"இருக்கு. கையெழுத்து போடுங்க."